மாடியிலிருந்த மருமகள்

வியன்னா
14 செப்டம்பர் 2008

அன்புள்ள அத்தைக்கு,

ரலிட்சா எழுதுகிறேன். சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? ஈரக் காற்று தொடங்குமுன் கம்பளிப் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

என்னிடமிருந்து கடிதம் வந்தது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் நீங்கள் கீழே, நாங்கள் மாடியில் என்று இருந்தோம். உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தொலைபேசியில் பேசினால் உங்களுக்குக் கேட்காது. கமெனிடம் சொல்லி அனுப்பலாமென்றால், பத்து முறை கூப்பிட்டால் ஒருமுறைதான் உங்கள் பிள்ளை எடுக்கிறார்.

பேருந்து கிளம்பும்போது ஜன்னல் வழியாக லுத்தெனிட்சா ஜாடியை நீட்டினீர்கள். அந்தக் குடமிளகாய் விழுதைத் தடவித்தான் நான்கு நாளாக ரொட்டி சாப்பிடுகிறேன்.

அன்று கமென் சொன்னதை நீங்கள் அவர் உதட்டைப் பார்த்தே படித்திருப்பீர்கள். "ஆறே மாசம். அப்புறம் நீயே திரும்பி வந்து என் ஆபரேஷன் மேசைக்குத் தலைமாட்டுல நிப்ப." இத்தனை வருஷமாக அவர் அறுத்தார், நான் நோயாளியைத் தூங்க வைத்து எழுப்பினேன். அவரையும்தான் கூப்பிட்டேன். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார்.

இங்கே மருத்துவமனையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கக் கால் மணி நேரம் ஆகிறது. ஆபரேஷன் தியேட்டர்கள் மட்டும் இருபத்திரண்டு. எல்லாம் நன்றாக இருக்கிறது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்
ரலிட்சா


விதின்
30 செப்டம்பர் 2008

ரலிட்சாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். முழங்காலும் இருக்கிறது. நீயும் நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ தினமும் காலையில் என் கதவைத் தாண்டும்போது ஏதோ சொல்லிவிட்டுப் போவாய். அது காலை வணக்கமா, திட்டா என்று கடைசி ஐந்து வருஷமாக எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்ப்பதற்குள் உன் முதுகுதான் தெரியும். காகிதத்தில் நீ பேசுவது நன்றாகக் கேட்கிறது.

முப்பத்து நான்கு வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டு, கடைசியில் என் காதைத்தான் அங்கே விட்டுவிட்டு வந்தேன். அதனால் எனக்குச் சுற்றி வளைத்து எழுதாதே. 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்பது ஒரு தகவல் இல்லை. எந்த தியேட்டரில் நிற்கிறாய், ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தூங்க வைக்கிறாய், உன் மேலதிகாரி யார், இதையெல்லாம் எழுது.

கமென் என்னிடம்தான் சாப்பிடுகிறான். பேசுவது குறைவு. திராட்சை இந்த வருஷம் புளிப்பு.

வேலிச்கா


வியன்னா
22 அக்டோபர் 2008

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நாள் முழுவதும் அதைக் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தேன். நான் சொன்னது காலை வணக்கம்தான். திட்டியது ஒன்றிரண்டு நாள் இருக்கலாம்.

மேலதிகாரி டாக்டர் லாய்ட்னர் என்ற அம்மாள். அறுபது வயது இருக்கும். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஏறுகிறார். யாரையும் பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை. தியேட்டர் எண் ஒன்பதில் நிற்கிறேன். அங்கிருக்கும் கருவிகளைப் பார்த்தால் கமென் சண்டையை மறந்துவிட்டு ஓடிவருவார்.

ஜெர்மன் மொழி தெரியும் என்று நினைத்து வந்தேன். இந்த ஊர்க்காரர்கள் பேசுவது வேறு ஏதோ. ரொட்டிக்கடைக்காரி, "வேற என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறாள்; நான் என் பெயரைச் சொன்னேன். இப்போது நான் உள்ளே நுழைந்தாலே அவள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

குளிர் வந்துவிட்டது. விறகை உலர்த்தி எடுத்து வைத்துவிட்டீர்களா?

ரலிட்சா


விதின்
4 நவம்பர் 2008

ரலிட்சாவுக்கு,

விறகு உள்ளே வந்துவிட்டது. இருமல் இருந்தது, போய்விட்டது. உனக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன்.

எத்தனை பேரைத் தூங்க வைக்கிறாய் என்று கேட்டிருந்தேன். நீ ரொட்டிக்கடைக் கதை எழுதியிருக்கிறாய். கதை நன்றாகத்தான் இருந்தது.

இப்போது ஒன்று கேட்கிறேன். டாக்டர் கோட்டு போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. கோட்டில் உன் பெயர் அட்டை இருக்க வேண்டும், அதில் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். ஏன் என்று கேட்காதே. சீக்கிரம் அனுப்பு.

பக்கத்து வீட்டு தோன்கா உன்னை விசாரித்தாள். எனக்குக் காது கேட்காது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. கண் தெரியும் என்பதுதான் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

வேலிச்கா


வியன்னா
11 ஜனவரி 2009

அன்புள்ள அத்தைக்கு,

புத்தாண்டு உங்களுக்கு ஆரோக்கியம் தரட்டும். இரண்டு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். கோபித்திருப்பீர்கள்.

படம் அனுப்பவில்லை, ஏனென்றால் பெயர் அட்டை போட்ட கோட்டு என்னிடம் இல்லை. 'பார்வையாளர்' என்று எழுதிய கோட்டுதான் இருக்கிறது.

இங்குள்ள மருத்துவச் சங்கத்தின் மொழித் தேர்வில் தேறினால்தான் என் வேலை ஒப்பந்தம் அமலுக்கு வரும். அக்டோபர் மூன்றாம் தேதி எழுதினேன். தோற்றுவிட்டேன். நோயாளியாக நடித்தவர் வியன்னாப் பேச்சில் கடகடவென்று சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்தது மாதிரித் தலையாட்டினேன். அவருக்கு மருந்து ஒவ்வாமை இருந்ததாம். அதற்கும் தலையாட்டியிருக்கிறேன்.

அன்றிலிருந்து தியேட்டர் ஒன்பதில் சுவரோரமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். எதையும் தொட எனக்கு அனுமதி இல்லை. பதினான்கு வருஷம் செய்த வேலையை இருபத்தேழு வயதுக்காரர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சம்பளமும் இல்லை. அதனால் விடியற்காலையில் ஒரு பல் மருத்துவமனையில் தரை துடைத்துவிட்டு இங்கே வருகிறேன்.

மறுதேர்வு பிப்ரவரி ஆறாம் தேதி. அதிலும் தோற்றால் மாதக் கடைசியோடு ஒப்பந்தம் போய்விடும்.

இது கமெனுக்கு மட்டும்தான் தெரியும். தோற்ற அன்றும் போனில் சொன்னேன், தரை துடைக்கும் வேலை கிடைத்தபோதும் சொன்னேன். என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உங்களிடம் இனி மறைக்க முடியவில்லை. நீங்கள் கேட்கும் கேள்விகள் அப்படி.

மன்னியுங்கள்.

ரலிட்சா


விதின்
19 ஜனவரி 2009

ரலிட்சாவுக்கு,

உன் கடிதம் மதியம் வந்தது. சாயங்காலமே பதில் எழுதுகிறேன். நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன், அதுதான் எழுதிவிட்டாயே.

மன்னிப்பு எதற்கு? தரை அழுக்காக இருந்தது, துடைத்தாய். நான் பதினெட்டு வயதில் நிலையத்தில் சேரப் போனபோது, ஆற்றுக்கு அக்கரையில் பேசும் ருமேனிய மொழியில் எண்கள் சொல்லத் தெரியவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது முறை போனேன். வேறு போக்கிடம் இல்லாததால்தான் போனேன், தைரியத்தால் இல்லை.

அடுத்த கடிதத்தை ஜெர்மனில் எழுது. ஒரு நோயாளியைப் பற்றி, தேர்வில் எழுதுகிற மாதிரி. எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் பயந்துகொண்டு எழுதினால் உன் கையெழுத்து கீழே சரிகிறது. இந்தக் கடிதத்தில் முழுக்கச் சரிந்திருக்கிறது. நேராகும்வரை எனக்கு அனுப்பிக்கொண்டே இரு. தபால்தலை ஒரு கட்டு இதோடு வைத்திருக்கிறேன் என்று எழுத ஆசைதான், உங்கள் நாட்டுத் தபால்தலை இங்கே கிடைக்காது. காலுறை வைத்திருக்கிறேன்.

இன்னொரு செய்தி. இன்றிலிருந்து கமெனுக்கு நான் சமைப்பதில்லை. காரணம் அவனுக்குத் தெரியும்.

வேலிச்கா


வியன்னா
8 பிப்ரவரி 2009

அன்புள்ள அத்தைக்கு,

நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். நான் தேறிவிட்டேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன்.

தபாலுக்கு நேரமில்லாமல் ஐந்து ஜெர்மன் கடிதங்களைப் பேருந்து ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்பினேன். முதல் நான்கையும் 'இன்னும் சரிகிறது' என்று ஓரத்தில் எழுதி அதே பேருந்தில் திருப்பி அனுப்பினீர்கள். ஐந்தாவது இன்னும் திரும்பி வரவில்லை. அது நேராக இருந்தது என்று வைத்துக்கொண்டு தேர்வுக்குப் போனேன்.

இந்த முறையும் அதே ஆள்தான் நோயாளி. நாற்காலியில் சாய்ந்துகொண்டு மீசைக்குள்ளேயே பேசினார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அப்போதுதான் உங்கள் நினைவு வந்தது. சாப்பாட்டு மேசையில் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களே, அதேபோல் நானும் நாற்காலியை இழுத்து அவருக்கு நேரெதிரே போட்டுக்கொண்டு அவர் உதட்டையே பார்த்தேன். புரியாத இடத்தில் தலையாட்டவில்லை.

"ஐயா, இந்த ஊர்ப் பேச்சு எனக்குப் பழக்கமில்ல. நீங்க சொன்னத நான் திருப்பிச் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க" என்றேன்.

மூன்று இடத்தில் நிறுத்தினார். மூன்றாவது இடம் மருந்து ஒவ்வாமை. முடிந்ததும் எழுந்து வந்து கைகொடுத்தார். "போன தடவ நீங்க என்னைக் கொன்னுட்டீங்க. இந்தத் தடவ பொழச்சுக்கிட்டேன்" என்றார்.

நாளை முதல் என் பெயர் போட்ட கோட்டு. தரை துடைக்கும் வேலையை வெள்ளிக்கிழமையோடு விட்டுவிட்டேன். பல் மருத்துவர் வருத்தப்பட்டார், அவ்வளவு சுத்தமாக யாரும் துடைத்ததில்லையாம்.

கமெனுக்கும் போன் செய்து சொன்னேன். "சரி" என்றார்.

ரலிட்சா


விதின்
1 மார்ச் 2009

ரலிட்சாவுக்கு,

மார்ச் பிறந்துவிட்டது. உறையில் சிவப்பு வெள்ளைக் கயிறு இருக்கிறது. மணிக்கட்டில் கட்டிக்கொள், கொக்கைப் பார்க்கும்வரை கழற்றாதே. அந்த ஊருக்குக் கொக்கு வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் நீயாக ஒரு தேதி வைத்துக்கொள். நான் நலம்.

ஐந்தாவது கடிதம் நேராகத்தான் இருந்தது. நேராக இருந்ததைத் திருப்பி அனுப்புவானேன்? அதை அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

இப்போது படம் எதற்கு என்று சொல்லலாம். நவம்பரில் ரொட்டிக்கடை வரிசையில் நிற்கும்போது தோன்காவின் உதட்டைப் படித்தேன். "வேலிச்கா மருமக அங்க தரை தொடைக்கிறாளாம். டாக்டராம் டாக்டர்." கடையே சிரித்தது. பொய் என்று நினைத்து, நிரூபிக்க உன் படத்தைக் கேட்டேன்.

ஜனவரியில் உன் கடிதம் வந்தது. உண்மை என்று தெரிந்தது. அது யாருக்கு மட்டும் தெரியும் என்றும் நீயே எழுதியிருந்தாய். அன்று சாயங்காலம் சூப்பை மேசையில் வைத்துவிட்டு, "ரலிட்சா தரை தொடைக்கிறான்னு ஊர்ல யார்டா சொன்னது?" என்று கேட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொன்னான். நான் படித்துவிடக் கூடாது என்றுதான். பதில் எனக்கு அப்படியே கிடைத்துவிட்டது. சூப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

நீ தேறியது தெரிந்த மறுநாள் ரொட்டிக்கடைக்குப் போனேன். கூட்டமாக இருக்கிற நேரம் பார்த்துத்தான் போனேன். எனக்குக் காது கேட்காததால் நான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரிவதில்லை. அன்று அது உதவியது.

"ஆமா, என் மருமக தரை தொடச்சா. நாலு மாசம் தொடச்சா. தொடச்சுக்கிட்டே படிச்சா. திங்கக்கிழமைலேர்ந்து வியன்னால டாக்டர். இதுல சிரிக்க என்ன இருக்குன்னு யாராவது என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க, நான் படிச்சுக்கிறேன்."

ஒரு உதடும் அசையவில்லை. தோன்கா எனக்கு இடம் விட்டு வரிசையில் பின்னால் போனாள். பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா இரண்டு துண்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

வேலிச்கா


வியன்னா
20 ஏப்ரல் 2009

அன்புள்ள அத்தைக்கு,

ஈஸ்டர் நன்றாக நடந்ததா? முட்டைக்குச் சிவப்புச் சாயம் சரியாக ஏறியதா? எனக்கு ஞாயிற்றுக்கிழமை பணி. மருத்துவமனைச் சமையல் அறையில் கெஞ்சி நான்கு முட்டை வாங்கினேன். பீட்ரூட் போட்டு வேகவைத்ததில் ஊதா நிறமாகிவிட்டது.

ரொட்டிக்கடைச் செய்தியைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதைப் பற்றி எழுத இப்போது எனக்கு வரவில்லை. வேறொன்று சொல்கிறேன்.

போன வாரம் டிராம் ஓட்டுநர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். குடல் வெடித்துவிட்டது, உடனே அறுக்க வேண்டும். ஆனால் அவருக்குப் பழைய முதுகெலும்பு நோய். கழுத்து மரக்கட்டை போல இறுகிக் கிடந்தது. வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கும். அப்படிப்பட்டவரைத் தூங்க வைப்பதற்கு முன்பே மூச்சுக்குழாயில் குழாய் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும். இங்கே அதற்குக் கேமரா வைத்த குழாய் இருக்கிறது. டாக்டர் லாய்ட்னரே செய்தார். மூக்கில் ரத்தம் கசிந்து கேமராவை மூடிவிட்டது. இரண்டாவது முறையும் திரையில் வெறும் சிவப்பு. அறுவை மருத்துவர் தொண்டையை வெட்டித் திறக்கக் கத்தியைக் கேட்டுவிட்டார்.

நான், "ஒரு நிமிஷம் கொடுங்க" என்றேன். அவர்களிடம் நான் இவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

விதினில் நாங்கள் கேமராக் குழாயைக் கண்ணால் பார்த்ததில்லை. வெறும் குழாயை மூக்கு வழியாக விட்டு, மறுமுனையில் காதை வைத்துக் கேட்போம். மூச்சுச் சத்தம் பலமாகும் பக்கம் வழி இருக்கும். நோயாளி மூச்சை இழுக்கும் அந்தக் கணத்தில் தள்ள வேண்டும். எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன். குனிந்து காதை வைத்தேன். நான்காவது மூச்சில் உள்ளே போய்விட்டது.

மூன்று மணி நேரம் ஆபரேஷன். மறுநாள் அந்த ஓட்டுநர், தன் டிராமை யார் ஓட்டுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் லாய்ட்னர் கை கழுவும் இடத்தில் என்னிடம், "இத எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"அந்தக் கேமராவ எங்க ஊர்ல வாங்கவே இல்லம்மா" என்றேன்.

குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "வியாழக்கிழமை நம்ம ஆட்கள் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்க. நானும் வந்து உக்காருறேன்" என்றார். வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

நீங்கள் கேட்ட படத்தை இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து தெளிவாகத் தெரிகிறது.

ரலிட்சா


விதின்
12 ஜூன் 2009

ரலிட்சாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு சுமார். உனக்கு மே மாதமே பதில் எழுதியிருக்க வேண்டும்.

உன் படம் ரொட்டிக்கடைக் கண்ணாடியில் ஒரு வாரம் ஒட்டியிருந்தது. நான் ஒட்டச் சொல்லவில்லை. படத்தைக் காட்டி, நீ குழாய் போட்ட கதையையும் சொல்லத்தான் கொண்டுபோனேன், கடைக்காரர் பிடுங்கிக்கொண்டார். இப்போது என் அலமாரியில் இருக்கிறது.

நான் எழுதாததற்குக் காரணம், எழுதினால் இதையும் எழுத வேண்டும் என்பதுதான். கமென் மே மாதம் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். வேறு பெண் யாரும் இல்லை, அதை விசாரித்துவிட்டேன். அவன் ஆபரேஷன் மேசைக்குத் தலைமாட்டில் நீ இல்லாததை அவனால் தாங்க முடியவில்லை. நீ வேறு மேசைக்குப் போய் ஜெயித்ததை அதைவிடத் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

இந்த மாதம் முதல் தேதி ஒரு உறையோடு வந்தான். "நீதான் அவளுக்கு எழுதுறியே, இதையும் சேத்து அனுப்பிடு" என்றான். விவாகரத்து மனு. அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். உன் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது.

தபால் தந்தி இலாகாவில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவள் நான். யாருடைய பேச்சையும் தாமதப்படுத்தியதில்லை. இந்த உறையைப் பதினோரு நாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அது தப்பு. இன்று இதோடு அனுப்புகிறேன். உனக்குச் சரியென்று பட்டதைச் செய்.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டுதான் அனுப்ப வேண்டும் என்று நேற்று நகராட்சிப் பதிவாளரிடம் போனேன். சின்னப் பெண். "பிள்ளையும் மருமகளும் பிரிஞ்சா, மாமியாரையும் மருமகளையும் பிரிக்கிறதுக்கு எந்தப் படிவத்துல எழுதணும்?" என்று கேட்டேன்.

அவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படி ஒரு படிவமே கிடையாதும்மா" என்றாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"சட்டத்துலயே இல்லம்மா."

நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சட்டத்திலேயே இல்லாத போது நம்மால் என்ன செய்ய முடியும்?

வேலிச்கா


வியன்னா
24 ஜூன் 2009

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். இதை உண்மையாகவே எழுதுகிறேன்.

உறையைச் சனிக்கிழமை பிரித்தேன். ஞாயிறு முழுவதும் அழுதேன். திங்கட்கிழமை நான்கு ஆபரேஷன்கள் இருந்தன. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். கமென் நல்ல அறுவை மருத்துவர். அதைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் என் சார்பில் மறுத்துவிடுங்கள். பிப்ரவரியில் அவர் "சரி" என்று மட்டும் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதினால் உங்கள் கடிதங்கள் நின்றுவிடுமோ என்று பயந்துதான் எழுதவில்லை.

ஜூலை முதல் என்னை மூத்த மருத்துவராக்கியிருக்கிறார்கள். தியேட்டர் ஒன்பது என் பொறுப்பு. டாக்டர் லாய்ட்னர் கடிதத்தைக் கையில் கொடுத்து, "அந்தச் சுவரோரமா நீங்க நாலு மாசம் நின்னதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியல. இத மட்டும்தான் பண்ண முடிஞ்சுது" என்றார்.

புது வீடு பார்த்துவிட்டேன். இரண்டு அறை, லிஃப்ட் இருக்கிறது. இரண்டாவது அறையில் காலை வெயில் விழுகிறது. மெத்தை வாங்கிப் போட்டாயிற்று. இந்த வீட்டில் மாடி, கீழ் என்று எதுவும் இல்லை, எல்லாம் ஒரே தளம். வாருங்கள். எத்தனை நாள் என்று நான் கேட்க மாட்டேன்.

உங்கள்
ரலிட்சா


விதின்
3 ஜூலை 2009

ரலிட்சாவுக்கு,

நலம். வருகிறேன்.

செப்டம்பரில் குடமிளகாய் வரும்போது திரும்பிவிடுவேன், அதுவரை இருப்பேன். சமைப்பேன். தரை துடைக்க மாட்டேன், அந்த வேலையில் உனக்குத்தான் நற்பெயர்.

கடவுச்சீட்டு வாங்கப் போனேன். எழுபத்தொரு வயதில் முதல் கடவுச்சீட்டு. படத்தில் சிரிக்கக் கூடாதாம். கஷ்டப்பட்டு அடக்கினேன்.

நேற்று கமென் வந்தான். பெட்டி விரித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா கிளம்புற?" என்றான்.

"என் பொண்ணு வீட்டுக்கு."

"உனக்கு ஏதும்மா பொண்ணு?"

"இருக்கா. வியன்னால. டாக்டர்."

இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "அவ ஏதோ குழாய் போட்டாளாமே, காதால கேட்டு. அத நான் பண்ணுனதே இல்ல. எனக்கு எல்லாமே அவதான் பண்ணிக் கொடுத்தா. நல்லாப் பண்ணுனான்னு சொல்லிடு" என்றான்.

"தபால்தலை மேசைல இருக்கு. நீயே எழுது" என்றேன்.

எழுதுவானா என்று தெரியாது. அன்று மட்டும் அவனுக்குச் சாப்பாடு போட்டேன்.

பேருந்து வெள்ளிக்கிழமை, பத்தாம் தேதி, காலை ஆறரைக்கு உங்கள் ஊருக்கு வருகிறதாம். நீ கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. அதனால் கூப்பிடாதே. முன்னால் வந்து, நான் பார்க்கும்படியாக நில்.

வேலிச்கா